பதினைந்து நிமிட சார்ஜர்

தெரு முழுக்கக் கரண்ட் போய்ப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. ஆனால் சோபாவின் தலைமாட்டில், சுவர்த் தட்டில் இருந்த பேட்டரி சார்ஜரில் மட்டும் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

'செய்தவன் உள்ளேயே கொஞ்சம் கரண்டைச் சேர்த்து வைத்திருப்பான்' என்று நினைத்துக்கொண்டார் போட்டோகிராபர். எதற்கும் சட்டென்று ஒரு காரணம் சொல்லிவிட்டு, அதற்குமேல் யோசிக்காமல் இருப்பதில் அவர் கெட்டிக்காரர். ஆறு மணிக்கு ஒரு கம்பெனியின் ஆண்டு விழா. மேடையில் பல்லைக் காட்டுவதா வேண்டாமா என்று முழிக்கப்போகிற நாற்பது மூஞ்சிகள். அதுகளுக்கு வெளிச்சம் அடிக்க ஃபிளாஷுக்கு நான்கு பேட்டரி செல்; பாதியில் மங்கினால் மாற்ற இன்னும் நான்கு. பழைய சார்ஜருக்கு ஒரு ராத்திரி பிடிக்கும். போன மாதம் வாங்கிய இதற்குக் கால் மணி நேரம் போதும்.

சோபாவில் அவர் மனைவி படுத்திருந்தாள். வெளிச்சம் பட்டால் தலை வலிக்கிறது என்று திரைகளை இழுத்துவிட்டிருந்தாள். அந்த நாலரை மணிக்கே அறை அடிப்பிடித்த பாத்திரம் மாதிரி கறுத்துக் கிடந்தது.

"ஏங்க, அதைத் தலைமாட்டுல வைக்காதீங்கன்னு சொன்னேன்ல? அது எரியிறப்பல்லாம் கை கால் விட்டுப்போகுது."

"உனக்குக் கை கால் விட்டுப்போகாத நாள் எதுன்னு சொல்லு, காலண்டர்ல வட்டம் போட்டு வைக்கிறேன்."

"விளையாட்டு இல்லைங்க. மூச்சே..."

"செல்லு கால் மணி நேரத்துல எழுந்து வேலைக்குக் கிளம்பிடுது. நீ ஒரு மாசமாப் படுத்தே கிடக்கிற. அதைப் பார்த்தாவது கத்துக்க."

அவள் துண்டை எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

பச்சை விளக்கு வந்தது. நான்கு செல்லையும் உருவினார். ஒவ்வொன்றும் காய்ச்சல் அடிக்கிற பிள்ளையின் விரல் மாதிரி சுட்டது. அடுத்த நான்கைப் போட்டார். மறுபடி சிவப்பு.

மின்விசிறி இல்லை, ஃபிரிட்ஜின் முனகல் இல்லை. வீட்டில் மிஞ்சியது இரண்டே சத்தம். ஒன்று, சார்ஜருக்குள் பொடிவண்டு குடைகிற மாதிரியான ரீங்காரம். மற்றது அவளுடைய மூச்சு. லென்ஸைத் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தவருக்கு, இரண்டும் ஒன்றுக்கொன்று இடம் விட்டுக்கொடுப்பதுபோல் தோன்றியது. ரீங்காரம் ஏற ஏற மூச்சு இறங்கியது. சூடான பிளாஸ்டிக்கின் வாடையோடு, தீய்ந்த தலைமுடியின் வாடையும் மெல்ல எழுந்து அறை முழுக்கப் பரவி, அவர் நாக்கின் அடியில் போய் உட்கார்ந்தது.

கரண்ட் திடீரென்று வந்தால் சார்ஜர் கெட்டுவிடுமே என்று குனிந்து, சுவிட்ச் போர்டைத் தடவினார். பிளக் இல்லை. ஒயரைப் பிடித்துக்கொண்டே போனார். பிளக் சோபாவுக்கு அடியில், தரைத் தூசியில் கிடந்தது. படுப்பதற்கு முன்பே அவள் பிடுங்கிப் போட்டிருக்கிறாள்.

அப்படியென்றால் இது எங்கிருந்து இழுக்கிறது?

அவருக்குத் தெரிந்துவிட்டது. இந்த முறை வேறு காரணம் எதுவும் கிடைக்கவில்லை. சோபாவிலிருந்து அவள் கை நழுவித் தொங்கியது. திரை இடுக்கில் கசிந்த வெளிச்சத்தில் நகங்கள் நீலம். 'உருவு, இப்பவே உருவு' என்று விரல் செல்களின் மேல் போய் நின்றது. மணியைப் பார்த்தார். ஐந்தாகப் போகிறது. நான்கு செல்லை நம்பிப் போனால் பாதியில் மானம் போய்விடும்.

"ரெண்டு நிமிஷம்" என்றார் மெதுவாக, யாரிடமோ. "ரெண்டே நிமிஷம். அதுக்குள்ள என்ன குடியா முழுகிடும்?"

விரலை எடுத்தார்.

ரீங்காரம் ஏறியது. மூச்சு இறங்கியது. இன்னும் இறங்கியது.

பச்சை.

வீட்டில் ஒரு சத்தமும் இல்லை.

"ஏய்." தோளைத் தொட்டார். "ஏய், எழுந்திரும்மா." துண்டை விலக்கினார். முகம் தெரியவில்லை. வெளிச்சம். வெளிச்சம் வேண்டும். கைகள் பழக்கத்தில் தாமாகவே வேலை செய்தன. நான்கு செல், மூடி, சுவிட்ச். ஃபிளாஷ் வீறிட்டுக்கொண்டே சார்ஜ் நிரம்பியது. அழுத்தினார்.

வெள்ளை.

அந்த ஒரு நொடிக்குள் அவள் கண் திறந்திருந்தது. கன்னம் ரத்தம் ஏறிச் சிவந்திருந்தது. வாய் மூச்சை இழுத்தது.

இருட்டு. கையால் தொட்டால் கல்.

அழுத்தினார். அவள் தலையைத் தூக்கியிருந்தாள்.

இருட்டு. அழுத்தினார். கையை ஊன்றியிருந்தாள்.

எத்தனை முறை என்று தெரியவில்லை. முதல் நான்கு செல் செத்தன. மற்ற நான்கைத் திணித்தார். அவையும் களைத்தன. ஒவ்வொரு முறையும் வீறிடல் நீண்டது. அந்த நீளம் முழுக்க அவர் பக்கத்தில் ஒரு பிணம் இருந்தது.

அழுத்தினார்.

அவள் நேராக உட்கார்ந்திருந்தாள். அவருக்கு மிக அருகில். அழவில்லை, கெஞ்சவில்லை. ஒரு பக்க உதடு கோணியிருக்க, செருப்படியில் ஒட்டிய எதையோ பார்ப்பதுபோல அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இருட்டு.

ஃபிளாஷ் நிரம்பத் தொடங்கியது. மெதுவாக. மிக மெதுவாக. எடுக்க நினைத்தும் அவர் விரல் பொத்தானை விட்டு வரவில்லை.