கத்தாத டிரம்

"மேடம்... பெய்சென் செத்துக் கிடக்கான்! மண்டை பிளந்து..."

போனில் அலறியது ஒரு பெண் குரல்.

பதினைந்தாவது நிமிடம், போலீஸ் காப்டன் ஜிபெக்கின் ஜீப் புல்வெளிப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு யுரேனியச் சுரங்கத்தின் பேக்கிங் கூடத்து வாசலில் நின்றது.

வரிசையாய் இரும்பு டிரம்கள். ஒவ்வொன்றிலும் மஞ்சள் தூள். பூமிக்கடியில் அமிலம் விட்டுக் கரைத்து, உறிஞ்சி, உலர்த்திய யுரேனியம்.

நடுவே பெய்சென். மல்லாந்து!

பக்கத்தில் ரத்தம் படிந்த கடப்பாரை. அவன் கையில் கதிர்வீச்சு அளக்கும் கருவி.

ஜிபெக் கையுறையோடு அதை எடுத்தாள். முதல் டிரம்மிடம் காட்டினாள்.

கடகடவென்று கத்தியது.

இரண்டாவது... மூன்றாவது... கத்தியது.

ஏழாவது?

கப்சிப்!

சார்ஜென்ட் அஸ்கத் மூடியைத் திறந்தான்.

"மணல், மேடம்! எவனோ தூளை அள்ளிட்டு மணலை ரொப்பியிருக்கான்!"

"பெய்சென் கண்டுபிடிச்சுட்டான். அதான் தீர்த்துட்டாங்க."

கூடத்துச் சாவி மூன்று பேரிடம்தான். ஒருவன் பிணம். மற்ற இருவர்...

டோர்கின். டிரம் அடைப்பவள். பெய்செனின் முன்னாள் மனைவி. போனில் அலறியவள் இவள்தான். இரண்டு கையிலும் மஞ்சள்.

ஓராஸ். மேற்பார்வையாளன். எட்டு வருட சர்வீஸ்.

"காலையில கேன்டீன்ல ரெண்டு பேருக்கும் சண்டை, மேடம்," என்றான் ஓராஸ். "'நீ உருப்பட மாட்டே'ன்னு இவ கத்தினதை நூறு பேர் கேட்டாங்க."

"சண்டை போட்டா கொலை பண்ணுவாங்களாண்ணே?" டோர்கின் வெடித்தாள். "மூச்சு இருக்கான்னு மடியில தூக்கிப் போட்டுப் பார்த்தேன், மேடம்... அவன் சட்டையெல்லாம் தூள், அதான் கையெல்லாம்..."

ஜிபெக்கின் செல் அலறியது. சுரங்க மேனேஜர்!

"காப்டன்! மூணு மணிக்கு ரயில் கிளம்பணும்! பிரான்ஸ்ல அணு உலைக்காரன் காத்திருக்கான். மார்க்கெட்ல விலை எகிறிக்கிட்டிருக்கிற நேரம்... அந்தப் பொம்பளையை அரெஸ்ட் பண்ணிட்டு டிரம்மை விடுங்க!"

"எதை அனுப்பறது சார்? மணலையா? நாளை மத்தியானம் வரைக்கும் ஒரு சக்கரம் உருளக் கூடாது!"

போனை வைத்தாள். இரண்டு பாட்டில்களை நீட்டினாள்.

"தூளைத் திருட்டுத்தனமா அள்ளினவங்க நிறைய சுவாசிச்சிருப்பாங்க. சிறுநீர் காட்டிக் குடுத்துடும். காலையில வீட்டிலேர்ந்து பிடிச்சுட்டு வாங்க."

"வீட்டிலேர்ந்தா?" அஸ்கத் காதைக் கடித்தான். "மாத்திடுவாங்களே மேடம்!"

"மாத்தட்டும்."

மறுநாள் மத்தியானம். சுரங்கத்தின் லேப்.

டாக்டர் ராய்ஹான் காகிதத்தைப் பிரித்தாள்.

"டோர்கின்... யுரேனியம் இருக்கு."

டோர்கினின் முகம் வெளிறியது.

"மாசா மாசம் இருக்கிற அதே அளவு."

"ஓராஸ்?"

"சுத்தம்! துளிகூட இல்ல."

"பார்த்தீங்களா!" ஓராஸ் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். "நான் கிளம்பலாமா?"

"எங்கே?" ராய்ஹான் நிமிர்ந்தாள். "முகமூடி போட்டாலும் கொஞ்சம் உள்ளே போகத்தான் செய்யும். எட்டு வருஷமா மாசா மாசம் டெஸ்ட் பண்றேன். உனக்கு ஒரு தடவைகூட சுத்தமா வந்ததில்ல!"

சிரிப்பு உதட்டிலேயே செத்தது.

"நே... நேத்து நிறைய தண்ணி குடிச்சேன்..."

"இருக்கலாம்," என்றாள் ஜிபெக். "அதான் இன்னொரு டெஸ்ட்டும் பண்ணச் சொன்னேன்."

மேஜை மேல் ஒரு சின்ன அட்டை. அதில் இரண்டு சிவப்புக் கோடுகள்.

"இந்த பாட்டில்ல யுரேனியம் இல்ல, ஓராஸ்... குழந்தை இருக்கு!"

"எ... என் பொண்டாட்டி குல்னாஸ் முழுகாம இருக்காளா?"

நாக்கைக் கடித்துக்கொண்டான். ரொம்ப லேட்!

அதற்குமேல் எல்லாமே கொட்டியது.

"வெளிநாட்டுத் தரகன் ஒருத்தன் ஆசை காட்டினான்... தூள் என் குதிரைக் கொட்டகையில மூட்டையா கிடக்கு. பெய்சென் போலீசுக்குப் போறேன்னான்... அடிச்சுட்டேன்!"

டோர்கின் சுவரில் சரிந்து உட்கார்ந்தாள்.

"பிரிஞ்ச பிறகும் தினம் எனக்கு டீ வாங்கிட்டு வருவான், மேடம்... நேத்தும் வாங்கிட்டு வந்தான்."

ஜிபெக் அவள் தோளை ஒரு கணம் பற்றினாள். பிறகு விலங்கை எடுத்தாள்.

"மேடம்... என் குழந்தையை ஒரு தடவையாவது பார்க்க விடுவீங்களா?" ஓராஸ் கெஞ்சினான்.

"தாராளமா! பொறக்கறதுக்கு முன்னாடியே போலீசுக்குத் துப்புக் குடுத்த புள்ளை... வளர்ந்ததும் எங்க டிபார்ட்மென்ட்டுக்கே அனுப்பி வைங்க!"