ஏழாவது ஆளின் வாய்

அன்று அவள் அந்த வாயை இன்னும் தொடவே இல்லை. ஆனால் அது ஈரமாக இருந்தது.

பழைய மாளிகைக் கூடம் முழுக்கச் செங்காவிச் சுவர். அதில் தலையில் செங்கல் சுமந்து வரிசையாகப் போகும் கூலியாட்கள், அவர்களும் சிவப்பு, எந்தக் காலத்திலோ எவனோ தீட்டியது. மேலே படிந்த புகைக்கரியை எடுப்பது அவள் வேலை. அதற்கு எச்சிலை மிஞ்சிய மருந்து கிடையாது. குச்சியில் பஞ்சைச் சுற்றி, நாக்கில் நனைத்து, சுவரில் மெல்ல உருட்டி, கறுத்ததும் தூக்கிப் போட வேண்டும். "துப்பித் துப்பியே சம்பாதிக்கிற தெத்துப்பல்லுக்காரி உலகத்துலயே நீ ஒருத்திதான்" என்று அவள் கணவர் கேலி பண்ணுவார்.

வரிசையில் ஏழாவது ஆளுக்கு மட்டும் வாய் லேசாகத் திறந்திருந்தது. போன மாதம் மூடியிருந்ததாகத்தான் ஞாபகம்.

போன மாதம்தான் சாரம் கட்டுகிறவர் அந்தச் சுவரோரம் மேல்பலகையிலிருந்து விழுந்து செத்தார். அவர் இடுப்புக்குக் கயிறு கேட்டதையும், "இந்த உயரத்துக்கு எதுக்குய்யா, ஏறு" என்று மேற்பார்வையாளர் விரட்டியதையும் கேட்டது இவள் ஒருத்திதான். இன்று மூன்று மணிக்கு அதிகாரி இங்கேயே வந்து விசாரணை. மாற்றிச் சொன்னால் வேலை நிரந்தரம் என்று மேற்பார்வையாளர் தேன் ஒழுகப் பேசியிருந்தார். செத்தவர் மனைவி நேற்று இவள் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டாள். அவள் அழவில்லை.

"குடிச்சிட்டு ஏறினாருன்னு சொல்றாங்க. நீ கேட்டத மட்டும் சொல்லும்மா. போதும்."

"சரிக்கா" என்றாள் இவள். சொல்லப் போவதில்லை என்று அப்போதே தெரியும். தூ, என்ன பிழைப்பு.

பஞ்சை நாக்கில் வைத்தாள். நனையவில்லை. ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு மறுபடி வைத்தாள், அப்போதும் நாக்கு மண்ணாங்கட்டியாகவே கிடந்தது. சுண்ணாம்பும் கரியும் கலந்த வாடைக்குள் வேறொரு வாடை, அவர் விழுந்த அன்றைக்குத் தரையைக் கழுவிக் கழுவியும் போகாத அதே வாடை, மெல்ல மூக்கில் ஏறியது. உலர்ந்த பஞ்சை ஏழாவது ஆளின் உதட்டில் உருட்டினாள். சொதசொதவென்று சிவந்து வந்தது. பழக்கதோஷம், புதுசாக வேலைக்கு வந்தவர்கள்கூடச் செய்யாத தப்பு, அதையே நாக்குக்குக் கொண்டுபோய்விட்டாள்.

வெதுவெதுப்பு. உப்பு. இரும்பு.

சுவருக்குள் யாரோ எச்சில் விழுங்கினார்கள்.

மூன்று மணி. செருப்புச் சத்தம். மேற்பார்வையாளர் முன்னால், தாளும் பேனாவுமாக அதிகாரி பின்னால்.

"கயிறு குடுத்தோம், அவர்தான் கட்டல. அப்படித்தானம்மா?" என்றார் மேற்பார்வையாளர்.

இல்லை. சொல்லிவிட வேண்டும். ஐயோ, இப்போதே. நல்லவளாகிவிட்டதால் இல்லை, பயத்தில். வாயைத் திறக்கப் பார்த்தாள். முடியவில்லை. விரலால் தடவினாள். உதடு இருந்த இடம் வழவழவென்று, சுவர் மாதிரி. விரல் நுனியில் செம்பொடி.

அதிகாரி தலையை நிமிர்த்தவே இல்லை. மேற்பார்வையாளரின் கண் அவர் பேனாவிலேயே இருந்தது. "மறுப்பு ஒண்ணும் இல்ல" என்று சொல்லிக்கொண்டே எழுதினார். இருவரும் போய்விட்டார்கள்.

கூடம். சிவப்பு. அவள்.

ஏழாவது ஆள் வாயை முழுசாகத் திறந்தான். உள்ளே ஈரம். நாக்கு. மேல்வரிசையில் அவளுடைய தெத்துப்பல்.

"சரிக்கா" என்றது அது, அவள் குரலில். "சரிக்கா. சரிக்கா. சரிக்கா."