மணல் மூட்டைக்குப் பதிலாக ஒருவன்

‘பாம்... பாம்... பாம்!’

பின்னால் வந்த வண்டி ஹாரனை நிறுத்துகிற வழியாக இல்லை. ஹில்யாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேட்டில் மெதுவாகப் போவது ஒரு குற்றமா? நவம்பரின் முதல் பனி அப்போதுதான் கண்ணாடியில் பூப்பூவாய் விழத் தொடங்கியிருந்தது. முன்னால் பனி தள்ளும் தகடு மாட்டிய தன் பிக்கப்பை ஓரங்கட்டி, கதவைப் படாரென்று சாத்திவிட்டு இறங்கினாள்.

“என்ன மிஸ்டர், அவ்வளவு அவசரம்னா பறந்து போறதுதானே?”

“நான் பறக்கறது இருக்கட்டும்... உங்க வண்டிக்கு முன்னாடி போய்ப் பாருங்க!”

பார்த்தாள். பானெட் இடுக்கிலிருந்து குபுகுபுவென்று ஆவி வந்துகொண்டிருந்தது. ஐயோ!

அவன் சாவகாசமாக இறங்கி வந்தான். உயரம்... கலைந்த தலை... உறைவதற்கு முந்தின நாள் ஏரி இருக்குமே, அந்தச் சாம்பல் நிறத்தில் இரண்டு கண்கள். கோபத்துக்கு நடுவில் அந்தக் கண்களை ஏன் பார்த்துத் தொலைத்தோம் என்று ஹில்யாவுக்குத் தன்மேலேயே எரிச்சல்.

“பனித் தகட்டை இவ்வளவு உசரத்துல தூக்கி வச்சு ஓட்டினா ரேடியேட்டருக்கு எப்படிக் காத்து போகும்? மூக்கைப் பொத்திக்கிட்டு மலை ஏறுற மாதிரி.” சொல்லிக்கொண்டே குனிந்து பார்த்தவன் சிரித்துவிட்டான். “அடடா... இதை மாட்டின புண்ணியவான் யாருங்க?”

“நான்தான்.”

அவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். ஆனால் சிரிப்பு மட்டும் உதட்டோரத்திலேயே நின்றது. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

“நான் ஜோரி பென்ஹேல். பாலத்துக்குப் பக்கத்துல நம்ம பட்டறைதான். கொண்டு வாங்க, சரியா மாட்டித் தர்றேன்.”

“தேவையில்லை. இந்த ஊர்ல ஸ்கூல் பஸ் ஓட்டுறவ நான். இத்தனூண்டு வண்டியை எனக்குப் பார்த்துக்கத் தெரியும்.”

தெரிந்திருந்தால் தேவலையே! அன்று சாயங்காலமே, முன்பக்கம் மூக்கு தரையில் இடிக்க, பிக்கப் தெருவில் நொண்டியது. வேறு வழி? அவளுக்கு அந்தப் பனித் தகடு விளையாட்டுச் சாமான் இல்லை. அவள் இருக்கும் வீடே அதை நம்பித்தான் இருந்தது.

அம்மா போன பிறகு ஹான்காக் ஊரின் மேட்டு வீடு அண்ணன் எய்னாருக்கும் அவளுக்கும் பொதுவாக நின்றது. அவனோ கிரீன் பே நகரில் குடித்தனம். “அந்த மேட்டுல பனிக்காலத்தை நீ ஒத்தையா ஓட்ட முடியாதும்மா. வித்துடலாம்” என்று ஒரே பிடியாக நின்றான். சண்டை போட்டு, அழுது, கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் அவன் குடும்பத்தோடு வருவான். அவன் கார் தெருவிலிருந்து நேராக வீட்டு வாசல் வரை ஏறி வர வேண்டும். வேறு யாரும் வந்து பனி தள்ளியிருக்கக் கூடாது. கார் ஏறினால் வீடு அவளுக்கு... நின்றுவிட்டால் விற்பனைக்கு.

மானத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு பட்டறைக்குப் போனாள். போகும்போதே நிபந்தனை போட்டாள். “நீங்க சொல்லுங்க. மாட்டுறது நான்.”

“உத்தரவு, பஸ்காரம்மா!”

இருவரும் வண்டிக்கு அடியில் அருகருகே மல்லாந்து படுத்தார்கள். அவன் விரலால் காட்டக் காட்ட, அவள் ஸ்பேனரைத் திருப்பினாள். தகட்டைத் தாங்கும் பிராக்கெட்டை இறக்கி வைத்தார்கள். முன் ஸ்பிரிங்கை மாற்றினார்கள். தகடு ஹெட்லைட்டை மறைத்துவிடுமே, அதற்காக மேலே தனியாக ஒரு விளக்கு. சக்கரத்தில் ஒட்டியிருந்த பனி உருகி அவள் கன்னத்தில் சொட்டியது. துடைக்கக் கை காலியில்லை. அவன் தன் சட்டைக் கையை நீட்டி மெல்ல ஒற்றி எடுத்தான்... சின்னப் பிக்கப்புக்கு அடியில் இவ்வளவுதான் இடமா? மூச்சு விடக்கூட யோசிக்க வேண்டியிருக்கிறதே!

“பின்னாடி மணல் மூட்டை போட்டுக்கங்க. பாரம் இல்லேன்னா சின்ன வண்டி பனியைத் தள்ளாது, தானே சறுக்கும். அப்புறம்... முதல் பனியிலேயே ரெண்டு பக்கமும் அகலமாத் தள்ளிடணும். இல்லேன்னா டிசம்பர்ல தள்ள இடமே இருக்காது.”

“சரி சரி. எங்க வீட்லயும் பனி விழுதுங்க, எங்களுக்கும் தெரியும்.”

“உங்க வீட்ல பாஸ்டி சுடும்போது மாவுக்குள்ள கறியோட கேரட்டும் போடுவாங்களோ?”

“போடுவோம். அதுக்கென்ன?”

“அதானே பார்த்தேன்! எங்க வீட்ல கேரட் போட்டா அது பாஸ்டியே இல்ல. அந்தப் பிடிவாதம் எங்கேருந்து வருதுன்னு.”

ஸ்பேனர் அவன் முழங்கையைப் பதம் பார்த்தது. தற்செயலாகத்தான் என்று அவள் சத்தியம் செய்தாள்.

அதன்பின் வாராவாரம் ஜோரி மேட்டு வீட்டுக்கு வந்தான். போல்ட்டெல்லாம் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். வாராவாரம் அந்த மேல் விளக்கின் போல்ட் மட்டும் கழன்று ஆடிக்கொண்டிருக்கும். “பஸ்காரம்மா இறுக்கின லட்சணம்!” என்பான். ஒரு சொல் பொறுக்காத ஹில்யா, இதற்கு மட்டும் வாயைத் திறக்காமல் காபி கலக்கப் போய்விடுவாள். ‘நீங்க’ போய் ‘நீ’ வந்தது எந்தக் காபியின்போது என்று இருவருக்கும் நினைவில்லை. அண்ணனோடு போட்ட ஒப்பந்தத்தை அவள் சொன்னதும் அப்படி ஒரு காபியின்போதுதான்.

பனியும் சளைக்காமல் கொட்டியது. முதல் பனியை அகலமாகத் தள்ளச் சொன்னானே, கேட்டாளா? ‘இத்துணூண்டு பனிக்கு இவன் என்ன பெரிய வாத்தியார்’ என்று ஒதுக்கியதன் பலன்... டிசம்பர் நடுவில் இரண்டு பக்கமும் பனிச்சுவர் இறுகி, வாசல்பாதை ஒடுங்கிப் போனது. அவள் பிக்கப்பே உரசிக்கொண்டு போயிற்று. அண்ணனின் கார் எங்கே நுழைவது?

பள்ளி மூடிய அன்று மத்தியானம் பஸ்ஸை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தவள் திகைத்து நின்றாள். ஜோரியின் பெரிய வண்டி அவள் வாசலில் உறுமிக்கொண்டிருந்தது. ஒரு பக்கச் சுவர் பாதி தள்ளியாயிற்று.

“நிறுத்து! நான் கேட்டேனா?”

“நீ கேட்க மாட்டேங்கிறதுதானே வியாதியே! நாளைக்கு உன் அண்ணன் வரார், ஹில்யா. யாருக்குத் தெரியப் போகுது?”

“எனக்குத் தெரியுமே!” குரல் உடைந்தது. “நீயும் அவனும் ஒண்ணுதான், ஜோரி. என்னால முடியாதுன்னு அவன் வாயால சொல்றான். நீ தகட்டால சொல்ற.”

அவன் முகத்தில் ரத்தம் இல்லை. வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

தள்ளிய பனியைத் திரும்ப இழுத்துப் போடுகிற பைத்தியத்தை இந்த ஊர் எங்கேயாவது பார்த்திருக்குமா? ஹில்யா போட்டாள். தகட்டை இறக்கி, வண்டியைப் பின்னால் எடுத்து, அவன் தள்ளியதைப் பழைய இடத்துக்கே இழுத்து நிரப்பினாள். பிறகு தன் கையாலேயே சுவரை வெட்டி, வண்டியால் தள்ளி, இருட்டும்வரை அகலப்படுத்தினாள். நடுநடுவே அழுகை வேறு. வீட்டை நினைத்தா, அவனை நினைத்தா என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

மறுநாள் வானம் பளிச்சென்று இருந்தது. பாதை சுத்தம். நீராவிக் குளியலுக்கு சாவுனா அடுப்பு மூட்டியாயிற்று, அரிசிக் கஞ்சி பாலில் கொதிக்கிறது. “பாலம் தாண்டிட்டோம்!” என்று அண்ணன் போனில் சொன்னான். ஹில்யாவின் மனம் துள்ளியது.

அப்போது பார்த்து, தெருப்பனி தள்ளும் கவுன்ட்டி நிர்வாகத்தின் லாரி கீழே கடகடவென்று போனது. தெருவில் கிடந்த அத்தனை கட்டிப் பனியையும் அவள் பாதையின் வாயில் இடுப்பளவுக்கு அடைத்துவிட்டுப் போனது.

ஓடி வந்து பிக்கப்பைக் கிளப்பினாள். முட்டினாள். பனி அசையவில்லை, பின்சக்கரம்தான் வழுக்கிச் சுழன்றது. மூட்டைகள் எங்கே? காலையில் மேட்டில் சறுக்கி நின்ற தபால் வண்டியின் சக்கரத்துக்கடியில் அத்தனை மணலையும் கொட்டிவிட்டு வந்தது அப்போதுதான் உறைத்தது. பரிசுப் பொட்டலங்கள் போய்ச் சேர்ந்தன... அவள் வீடு போகப் போகிறது.

ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டாள். கண்ணாடியை யாரோ தட்டினார்கள்.

ஜோரி. நடந்தே வந்திருந்தான். இரண்டு கைகளையும் மேலே தூக்கிக் காட்டினான். “எதையும் தொட மாட்டேன். மன்னிப்புக் கேக்க மட்டும்தான் வந்தேன்.” பின்னால் எட்டிப் பார்த்தான். “மணல் எங்கே?”

“தபால் வண்டி தின்னுடுச்சு.”

அவன் பின்பக்கம் ஏறி, கடைக்கோடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

“என்ன பண்ற நீ?”

“பாரமா உட்கார்றேன். ஒரு பிடி பனியைத் தொட மாட்டேன். தள்ளுறது நீ.”

ஹில்யாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. கியரைப் போட்டாள். முதல் முட்டில் பனி விரிசல் விட்டது... அடுத்ததில் பிளந்தது... அதற்கடுத்ததில் மொத்தமும் ஓரமாகச் சரிந்து, பாதி தூளாகப் பறந்து பின்னால் அவன் தலையில் கொட்டியது!

பின் கண்ணாடியைத் திறந்தாள். தலை முழுக்க வெள்ளையாக அவன் உள்ளே குனிந்தான்.

“ஹில்யா... உன்னால முடியாதுன்னு நான் ஒரு நாளும் நினைக்கல. வீடு போச்சுன்னா நீ இந்த ஊரை விட்டுப் போயிடுவியேன்னு... அந்தப் பயத்துல தள்ளிட்டேன். நீ இல்லாத பனிக்காலம் எனக்கு வேண்டாம்.”

அவள் பதில் சொல்வதற்குள் அண்ணனின் கார் திரும்பியது. ஹில்யா பிக்கப்பைப் பின்னாலேயே வாசலோரம்வரை எடுத்து ஒதுங்க, கார் மெல்ல உள்ளே நுழைந்தது. இரண்டு பக்கமும் இடம் மிச்சம் வைத்து, நேராக வாசல் வரை ஏறி நின்றது. எய்னார் இறங்கி, பாதையைப் பார்த்தான். பிக்கப்பின் பின்னால் உட்கார்ந்திருந்த பனிமனிதனையும் பார்த்தான்.

“யாரும் வந்து தள்ளலையே?”

“தள்ளலண்ணா. சும்மா உட்கார்ந்திருந்தார்.”

“அப்போ இவரு யாரு?”

“மணல் மூட்டைக்குப் பதில்.”

எய்னார் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வயிறு குலுங்கச் சிரித்தான். “வீடு உனக்குத்தாம்மா. அந்த மூட்டையையும் உள்ள கொண்டு வந்து சாவுனாவுல போடு, விறைச்சுக் கிடக்கு!” என்றபடி பிள்ளைகளோடு உள்ளே போனான்.

ஜோரியின் முடியிலிருந்த பனியை ஹில்யா தட்டிவிட்டாள். அந்தச் சாம்பல் கண்களை இப்போது எரிச்சலில்லாமல், ஆசை தீரப் பார்த்தாள்.

“ஒண்ணு சொல்லணும். அந்த விளக்கு போல்ட்...”

“அதுதான் எனக்குப் புரியவே மாட்டேங்குது. எப்படித்தான் வாராவாரம் கழலுதோ!”

“நான்தான் கழட்டி வச்சேன். நீ வரணும்னு.”

அவன் முகம் காது நுனிவரை சிவந்தது.

“அப்போ... அடுத்த வாரம்?”

“அடுத்த வாரத்துலேருந்து இறுக்கியே வச்சுடுவேன்” என்றாள், அவன் கையைப் பிடித்துக் கீழே இறக்கி. “நீதான் எப்பவும் இங்கேயே இருக்கப் போறியே.”