கீழ்வரியை நம்பிய கொலைகாரன்

போன் அலறியது.

நாமகிரிப்பேட்டை ஸ்டேஷனில் ஆயுத பூஜைப் பொரியிலிருந்து கடலையை மட்டும் பொறுக்கிக்கொண்டிருந்த இன்ஸ்பெக்டர் மைதிலி, ரிசீவரை எடுத்தாள்.

"மேடம்... கொலைங்க... ஒண்ணு ரெண்டு இல்லீங்க, அத்தனையும் வெந்துபோச்சுங்க."

"யாருய்யா வெந்தது?"

"முட்டைங்க."

மைதிலிக்குப் புரையேறியது.

பேசியவன் மணியன். ஊருக்கு வெளியே இருக்கும் ஜானகியம்மாளின் கோழிக்குஞ்சு பொரிப்பகத்துக்கு மேனேஜர். முதலாளியம்மாவின் சொந்தத் தம்பி!

அடைமெஷினில் இருந்த முட்டைகளை ஆபரேட்டர் ரஞ்சிதா சூடேற்றிக் கொன்றுவிட்டாளாம். தான் காலையிலிருந்து டீக்கடையில்தான் இருக்கிறானாம். கேஸ் போட்டே ஆக வேண்டுமாம்.

ஜீப் பறந்தது.

போலீஸ் வரும்வரை யாரும் உள்ளே போகக் கூடாது என்று மணியன் மறித்து நின்ற வாசலில் ரஞ்சிதா அழுதுகொண்டிருந்தாள். அழாமல் என்ன செய்வாள்? நேற்றுத்தான், பூஜை முடிந்த கையோடு, அடுத்த மாதத்திலிருந்து ரஞ்சிதாதான் மேனேஜர் என்று ஜானகியம்மாள் எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தாள். இன்றைக்கு மேனேஜர் வேலையும் போச்சு, இருக்கிற வேலையும் போச்சு, போதாக்குறைக்கு ஜெயில்!

"உன்னைய நம்புனனே சாமி..." என்று ஜானகியம்மாள் அரற்றினாள்.

சாப்பிட்டு வா, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மணியண்ணன்தான் அனுப்பினார் என்றாள் ரஞ்சிதா. பச்சைப் பொய் என்றான் மணியன். அவன் அந்தப் பக்கம் தலைவைத்தே படுக்கவில்லையாம்.

கன்ட்ரோல் ரூமுக்குப் போனார்கள்.

பழைய கம்ப்யூட்டர். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, மவுஸ் கிடையாது. கீபோர்டின் மேல்வரிசைச் சாவிகளில் எது என்ன வேலை செய்யும் என்று திரையின் கீழ்வரியில் எழுதியிருக்கும். சாவிகளின் மேல் நேற்று வைத்த சந்தனமும் குங்குமமும் பொரிப்பகத்து ஈரக்காற்றில் இன்னும் காயாமலே இருந்தன.

மணியன் கீழ்வரியைக் காட்டினான்.

எஃப்-3: சூடு குறை. எஃப்-4: சூடு கூட்டு.

"பாத்தீங்களா மேடம்? மாத்தி எழுதி வெச்சிருக்கறா. எஃப் மூணுதான் கூட்டும். இவளே மாத்தி, இவளே படிச்சு, இவளே அமுக்கியிருக்கறா. பதவி வந்த மப்புங்க."

மாற்ற முடியுமா என்று கேட்டாள் மைதிலி. முடியுமாம். எழுதியிருப்பது வேறு, சாவி செய்யும் வேலை வேறு. பாஸ்வேர்டு தெரிந்தால் 'சூடு குறை' என்பதை 'சுக்குக் காபி' என்றுகூட மாற்றலாம். சாவி பாட்டுக்குத் தன் பழைய வேலையைத்தான் செய்யும். பாஸ்வேர்டு தெரிந்தவர்கள் இரண்டே பேர்... ரஞ்சிதா, மணியன்!

மைதிலி தன் கர்ச்சீப்பால் ரஞ்சிதாவின் கண்ணைக் கட்டினாள்.

"சூட்டைக் குறைக்கிற சாவி எது? தொடு."

விரல் தடுமாறவே இல்லை. நேராக எஃப்-4.

"கீழ்வரியெல்லாம் நான் பாக்கறதே இல்லீங்க மேடம். மாறியிருக்கறதே இப்பத்தான் தெரியும். என் கண்ணு எப்பவும் மேல, சூட்டு நம்பர்லதான் இருக்கும்..."

கட்டை அவிழ்த்ததும் அவள் கண் மேலே போனது. அப்படியே நின்றாள்.

"மேடம்... சூடு ஏறலீங்க. எறங்கியிருக்குது!"

அத்தனை பேரும் அடைமெஷினுக்கு ஓடினார்கள். கதவைத் திறந்தால்... ஜில்லென்று இருந்தது! சூடு மாறினால் அலறும் அலாரத்தின் ஒயர் பிடுங்கப்பட்டுத் தொங்கியது.

மணியன் முகம் வெளுத்துவிட்டது.

மைதிலிக்கு எல்லாம் விளங்கியது. லேபிளை மாற்றினால் ரஞ்சிதா படித்து ஏமாறுவாள் என்று நினைத்தான். அவள் படிப்பதே இல்லை! காலை முழுக்க ஒன்றும் நடக்காததால் அவளைச் சாப்பிட அனுப்பிவிட்டுத் தானே உட்கார்ந்திருக்கிறான். ஆனால் மணியனின் விரலுக்குச் சாவி மனப்பாடமில்லை. இத்தனை வருஷமும் கீழ்வரியைப் படித்துப் படித்தே அமுக்கிய ஆசாமி. பதற்றத்தில் கண் பழக்கப்படி கீழ்வரிக்குப் போனது. 'சூடு கூட்டு' என்று தானே மாற்றி எழுதியதை, தானே நம்பி, அமுக்கு அமுக்கென்று அமுக்கிவிட்டு ஓடிவிட்டான்!

"உள்ள வராமலே வெந்துபோச்சுன்னு எப்படிய்யா சொன்னே? ஆட்காட்டி விரலைக் காட்டு."

விரல் நுனியில் சந்தனமும் குங்குமமும் அப்பியிருந்தன.

"எந்தம்பியாடா நீ?" என்று ஜானகியம்மாள் ஓங்கி ஓர் அறை விட்டாள். பிறகு ரஞ்சிதாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னைய மன்னிச்சிரு சாமி. முட்டை எல்லாம் போச்சா?" என்றாள்.

"போகலீங்கம்மா. தாய்க்கோழிகூடத் தீனி எடுக்க எந்திரிச்சுப் போவுமில்லீங்களா? அந்த நேரம்தான் ஆயிருக்குது. தாங்கும்."

சொல்லிக்கொண்டே எஃப்-3ஐ அமுக்கினாள். கொஞ்ச நேரத்தில் கடைசித் தட்டில் ஒரு முட்டை விரிசல் விட்டது. உள்ளிருந்து... கீச்!

ரஞ்சிதா சிரித்துக்கொண்டே அழுதாள்.

ஜீப்பில் ஏறும்போது மணியன் ஈனசுரத்தில் கேட்டான்.

"மேடம்... லாக்கப்புல ஃபேன் இருக்குதுங்களா?"

"இருக்கு. சுவிட்ச் மட்டும் வெளியில, எங்க கையில."