அலாஸ்காவில் ஒரு பால்கனி!

செல்போன் அலறியது.

விஜிலாவால் உடனே எடுக்க முடியவில்லை. ஆறு வயது மகள் ரெக்சலின் பனிக்கோட்டுக்குள் மாட்டிக்கொண்டிருந்தாள். ஜிப் பாதியில் நின்றுவிட்டது.

மே மாதத் தூத்துக்குடி! உப்பளத்துக்காரர்களைத் தவிர வேறு யாரும் அந்த வெயிலை வாழ்த்தியதில்லை. மின்விசிறிக்கே வேர்த்தது. இந்த லட்சணத்தில் குழந்தைக்கு அலாஸ்கா கோட்டு!

"அம்மா... வேகுது!"

"பொறுளா. அங்கன போனா இதுவும் பத்தலைன்னு அழுவே."

போன் நின்றது. மறுபடியும் அலறியது.

எடுத்தாள்.

"அக்கா, நான் இசக்கிராஜா பேசுதேன்... டிராவல்ஸ்ல இருந்து."

இசக்கிராஜா பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் டிராவல்ஸ் நடத்துகிறவன். விஜிலா குடும்பத்தின் அலாஸ்கா பயணம் மொத்தமும் அவன் பொறுப்பு. வான்கூவரில் கப்பல் ஏற வேண்டும். பனிமலைகளுக்கு நடுவே ஒரு வாரம் மிதக்க வேண்டும். பிறகு கரையிறங்கி ரயிலிலும் பஸ்ஸிலும் காட்டுக்குள் போய்க் கரடி பார்க்க வேண்டும். பிள்ளைகள் ஒரு மாதமாய்க் கரடிக் கனவில் இருந்தார்கள்.

"சொல்லுங்க தம்பி."

"அண்ணாச்சி பக்கத்துல இருக்காவளா?"

"இல்ல. ஹார்பர் வரைக்கும் போயிருக்காவ. ஏன்?"

இசக்கிராஜா குரலைத் தாழ்த்தினான்.

"நான் சொன்னேன்னு சொல்லிறக் கூடாதுக்கா... நேத்து அண்ணாச்சி ரூமை மாத்தச் சொல்லிட்டாவ."

"எந்த ரூமை?"

"கப்பல்ல. நாலு பேருக்கும் ஒரே ஃபேமிலி ரூம்தான போட்டிருந்தோம்? இப்ப ரெண்டாக்கச் சொல்லுதாவ. பிள்ளைங்களுக்கு ஜன்னலே இல்லாத உள்ரூம். உங்க ரெண்டு பேருக்கும் கப்பலோட பின்கோடியில பால்கனி ரூம்."

"பிள்ளைங்க பால்கனியில ஏறிரும்னு பயந்திருப்பாவ. அதுல என்ன தம்பி?"

"நானும் அப்படித்தான் நெனச்சேன். அப்புறம் கேட்டாவ பாருங்க ஒரு கேள்வி... பால்கனிக் கம்பி எவ்வளவு ஒசரம்னு. நெஞ்சளவு இருக்கும்னேன். 'யாரு நெஞ்சு... என் நெஞ்சா, விஜிலா நெஞ்சா'ன்னாவ!"

விஜிலாவின் கை ஜிப்பை விட்டது.

"வேற என்ன கேட்டாவ?"

"அந்தப் பக்கம் கேமரா உண்டான்னு கேட்டாவ. அதுகூடப் போகட்டும்க்கா. கப்பலை விட்டு எறங்கும்போது ஒரு ஆள் கொறைஞ்சா, மிச்ச மூணு பேருக்கும் காட்டு டூர் உண்டா, இல்ல அதுவும் கேன்சலாயிருமான்னு..."





அந்த வேகாத வெயிலில் விஜிலாவுக்குக் குளிரெடுத்தது!

* * *

விஜிலாவின் கணவன் ஜோன்ஸ் கப்பலில் சீஃப் இன்ஜினியர். வருஷத்தில் பாதி கடலில். மீதியில் பாதி கொச்சியில்!

கொச்சியில் ஆக்னஸ் என்று ஒருத்தி இருந்தாள். விஜிலாவுக்குத் தெரியும். போன வருஷம் விஷயம் மாதா கோயில் பங்குச் சாமியார் ஃபாதர் மனுவேல் வரைக்கும் போனது. விஜிலாவிடமிருந்து தன்னைப் பிரித்துவிடச் சொல்லிக் கேட்டது ஜோன்ஸ்தான்.

"கல்யாண முடிச்சைக் கோர்ட்டு அவுக்கும்ல. கோயில் அவுக்காது. சாவு ஒண்ணுதான் பிரிக்கும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார் ஃபாதர்.

அவர் சொன்னது புத்திமதி.

ஜோன்ஸ் அதை யோசனையாக எடுத்துக்கொண்டானோ?

எடுத்துக்கொள்ளக்கூடிய ஆள்தான். பக்தி அதிகம். விவாகரத்து வாங்கி வேறொருத்தியைக் கட்டினால் பூசையில் நற்கருணை அப்பம் கிடையாது. ஊரெல்லாம் அதை வாங்க வரிசையில் போகும்போது பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த அவமானத்தை அவனால் தாங்க முடியாது. பெண்டாட்டி செத்தவனுக்கு அந்தத் தொல்லை இல்லை. அதே பீடத்தின் முன்னால் மறுபடியும் மாப்பிள்ளையாய் நிற்கலாம்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் திடீரென்று வந்தான். "பிள்ளைங்களக் கூட்டிட்டு அலாஸ்கா போவமாளா?" என்றான். மனிதன் திருந்திவிட்டான் என்று விஜிலா சந்தோஷத்தில் அழுதாள்.

அந்த அழுகையை நினைத்தால் இப்போது அவளுக்கு வெட்கமாக இருந்தது.

அன்று சாயங்காலம் ஜோன்ஸ் வந்தான். கையில் முந்திரி மக்ரூன் பொட்டலம். வாயில் சிரிப்பு.

அலாஸ்கா வரைபடத்தை மேஜையில் விரித்தான். பிள்ளைகள் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டார்கள்.

"இங்கன திமிங்கிலம். இங்கன பனிமலை அப்படியே ஒடைஞ்சு கடல்ல வுழும். இங்கன எறங்கி ரயிலு. அங்கன இருந்து பஸ்ல காட்டுக்குள்ள..."

"கரடி கடிக்குமாப்பா?" ரெக்சலின் கேட்டாள்.

"சொன்ன பேச்சு கேக்குத பிள்ளையக் கடிக்காது."

பத்து வயது அனிஷ் வேறு கேள்வி வைத்திருந்தான்.

"கப்பல்ல இருந்து வுழுந்துட்டா நீந்தி வந்துரலாம்லப்பா?"

ஜோன்ஸ் மகனைப் பார்க்கவில்லை. விஜிலாவைப் பார்த்தான்.

"முடியாதுல மக்கா. அந்தத் தண்ணியில கையும் காலும் ஒடனே மரத்துப்போயிரும். சத்தம்கூட வராது."

"யாராவது பாத்துக் கப்பலை நிப்பாட்ட மாட்டாங்களா?"

"பாத்தாத்தான?"

விஜிலா கடித்த மக்ரூனைப் பொட்டலத்திலேயே திரும்ப வைத்தாள். தண்ணீர் குடித்தாள்.

"ஏங்க... நாலு பேரும் ஒரே ரூம்ல இருப்போமே. பிள்ளைங்க தனியாப் பயந்துக்கிடும்."

"சும்மா கெடளா. நமக்குன்னு கொஞ்சம் தனிமை வேண்டாமா?"

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம். ஜோன்ஸ் தனிமை கேட்டது இதுதான் முதல் தடவை!

"பனி ஊருக்குப் போறோம். பனிமய மாதாவுக்குப் பூசை குடுக்கணும்லங்க? நாளைக்கு நான் போய்ச் சொல்லிட்டு வாரேன்."

வரைபடத்தை மடித்துக்கொண்டிருந்த ஜோன்ஸின் கை நின்றது.

"வேண்டாம்... நான் குடுத்துட்டேன்" என்றான்.

* * *

வேண்டாம் என்றால் போகாமல் இருப்பாளா?

கப்பல்காரர் வீடுகளில் இந்தப் பூசை ஒரு வழக்கம். பயணம் கிளம்புமுன் போகிற ஆட்களின் பேரைச் சொல்லி, சுகமாய்த் திரும்பி வர மாதாவிடம் பூசை கொடுப்பார்கள். ஜோன்ஸ் ஒரு தடவைகூடத் தவறியதில்லை. ஏர்போர்ட்டில் கொண்டுபோய் விடுகிற கார் டிரைவரின் பேரைக்கூட விடமாட்டான்.

கோயில் அலுவலகத்தில் கோயில்பிள்ளை ஜேசுபாதம் மெழுகுதிரிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். பூசைக்கு மணியடிப்பது, பேர் வாங்குவது எல்லாம் அவர்தான்.

"வாளா விஜிலா. அலாஸ்கா போறியளாமே! கரடி ஊரு?"

"ஆமா அண்ணாச்சி. அவுக பூசை குடுத்துட்டதாச் சொன்னாவ. எந்தப் பூசைன்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

"வியாழக்கிழமை விடியப்பூசை. கூட்டம் இருக்காதுன்னு அவன்தான் கேட்டு வாங்குனான்." கொஞ்சம் இழுத்தார். "உனக்கும் அவனுக்கும் ஒண்ணும் சண்டை இல்லையேளா?"

"ஏன் கேக்கிய?"

"மூணு பேருதான் சொன்னான். அவன் பேரு, மகன் பேரு, மக பேரு. 'ஏல, விஜிலாவை விட்டுட்டியே'ன்னேன். மூஞ்சி கறுத்துப்போச்சு. 'அவளுக்கு வேண்டாம் அண்ணாச்சி'ன்னான். நீ பயணம் போகலையாக்கும்னு நெனச்சேன்."

விஜிலா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

* * *

இன்ஸ்பெக்டர் செந்தூர்வேல் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு நெற்றியைத் தேய்த்தார். நெற்றியில் இருந்த திருநீறு கலைந்தது.

"ஏம்மா... உங்க வீட்டுக்காரர் அடிச்சாரா?"

"இல்ல சார்."

"மிரட்டினாரா?"

"மக்ரூன் வாங்கிட்டு வந்தாவ."

"பால்கனிக் கம்பி ஒசரம் கேட்டாரு. சின்னப் பிள்ளைங்கள வச்சிருக்கவன் எவனும் கேப்பான். அப்புறம் கோயில்ல உங்க பேரைச் சொல்லலை. இதுதான கம்ப்ளெய்ன்ட்?"

"ஆமா சார்."

"எங்க வீட்டுல எனக்குக்கூடத்தான் அர்ச்சனை பண்ணுறதில்ல! அதுக்காக எம் பொண்டாட்டி மேல கேஸ் போட்டுறலாமா?"

பக்கத்து மேஜையில் யாரோ சிரித்தார்கள். விஜிலா சிரிக்கவில்லை.

"உங்களுக்கு வெளங்காது சார். திரும்பி வரணும்னு நெனச்சிருந்தா என் பேரைச் சொல்லியிருப்பாவ. திரும்பி வர மாட்டேன்னு தெரிஞ்சுகிட்டே மாதாகிட்ட எப்படிக் கேப்பாவ? அவுக கொலைகூடப் பண்ணுவாவ சார். மாதாகிட்டப் பொய் சொல்ல மாட்டாவ!"

"அப்ப பயணத்தை நிறுத்திருங்க."

"நிறுத்துனா? இங்கன ஒரு மொட்டை மாடி இல்லையா? ஒரு கெணறு இல்லையா? கப்பல்னா எனக்கு எடமாவது தெரியுது சார்."

செந்தூர்வேலுக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் சட்டப் புத்தகத்தில் பூசைக்குப் பிரிவு இல்லை.

"ஏதாவது நடந்தா ஒடனே வாங்கம்மா" என்றார்.

"நடந்தா நான் எப்படி சார் வர முடியும்?"

வெளியே வந்தாள். வெயிலில் நின்றபடி இரண்டு பிள்ளைகளையும் நினைத்தாள். ரெக்சலினுக்கு இன்னும் தலை பின்னத் தெரியாது. அனிஷுக்கு மீன் முள் எடுத்துக் கொடுக்க வேண்டும். அதையெல்லாம் கொச்சிக்காரி செய்வாளா? அப்பன் செய்வானா? இரண்டு மாதத்துக்கு முன்னால் சந்தோஷத்தில் அழுதவளின் கண்ணில் இப்போது சொட்டுத் தண்ணீர் இல்லை.

போனை எடுத்தாள்.

"இசக்கிராஜா தம்பி... ரூமை மாத்திட்டியளா?"

"இல்லக்கா! வேணும்னேதான் இழுத்தடிக்கேன். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, பழைய ஃபேமிலி ரூமையே..."

"வேண்டாம். அவுக சொன்ன பால்கனி ரூமையே போட்டுருங்க."

"அக்கா!"

"பிள்ளைங்கள உள்ரூம்ல போடுங்க. ஜன்னல் இல்லாததே நல்லது. அவங்க எதையும் பாக்க வேண்டாம்."

"எதைப் பாக்க வேண்டாம்? அக்கா... அக்கா!"

விஜிலா துண்டித்துவிட்டாள்.

மறுபடியும் கோயில் பக்கம் நடந்தாள்.

* * *

வியாழக்கிழமை. விடியப்பூசை.

ஜோன்ஸ் தனியாகத்தான் கிளம்பினான். வாசலில் விஜிலா பிள்ளைகளோடு தயாராக நின்றாள். தலைக்கு முக்காடுகூடப் போட்டுவிட்டாள்.

"நீ எதுக்குளா? பிள்ளைங்க தூங்கட்டுமே..."

"நமக்காகத்தான பூசை? நாம இல்லாமயா?"

மறுக்க முடியவில்லை. போனார்கள்.

கூட்டம் இருக்காது என்று பார்த்துத்தான் அந்தப் பூசையைக் கேட்டு வாங்கியிருந்தான் ஜோன்ஸ். கோயிலுக்குள் நுழைந்தவன் திகைத்தான். விஜிலாவின் சொந்தபந்தம் பாதி, புன்னைக்காயலிலிருந்து வேன் பிடித்து வந்து உட்கார்ந்திருந்தது! அவனுடைய அண்ணன் வில்பிரட்கூட முன்வரிசையில் இருந்தார்.

"எல்லாரையும் நீயா கூப்பிட்ட?"

"அம்புட்டுத் தூரம் போறோம். சொல்லாமப் போகலாமாங்க?"

ஜோன்ஸின் கழுத்தில் வேர்வை இறங்கியது. இப்போது பேர் வாசிப்பார்கள்... மூன்று பேர்தான் வரும்... இவள் கேட்பாள்... கோயில்பிள்ளை மறந்துவிட்டார் என்று சமாளித்துக்கொள்ளலாம்!

ஃபாதர் மனுவேல் பீடத்துக்கு வந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். யார் யாருக்காகப் பூசை என்ற கருத்துகளைக் கணீரென்ற குரலில் வாசித்தார்.

"அலாஸ்கா பயணம் செல்லும் ஜோன்ஸ், அனிஷ், ரெக்சலின் ஆகியோர் சுகமாகத் திரும்பி வர..."

பெஞ்சுகளில் சலசலப்பு. இரண்டு மூன்று தலைகள் திரும்பின.

ஜோன்ஸ் குனிந்து கிசுகிசுத்தான்.

"கோயில்பிள்ளை ஒரு பேரை விட்டுட்டாரு போல..."

"பேசாதீங்க. அடுத்ததைக் கேளுங்க" என்றாள் விஜிலா.

ஃபாதரின் குரல் இந்தத் தடவை லேசாகத் தடுக்கியது.

"அதே பயணம் செல்லும் விஜிலா, அனிஷ், ரெக்சலின் ஆகியோர்... சுகமாகத் திரும்பி வர."

கோயிலில் ஒரு இருமல்கூட இல்லை!

ஜோன்ஸ் மெதுவாகத் திரும்பி மனைவியைப் பார்த்தான். அவள் பீடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் ஜெபமாலை. முகத்தில் நடுக்கமே இல்லை.

"ஏளா... என் பேரு எங்க?"

"விட்டுட்டேன்."

"மறந்துட்டியா?"

"மறக்கலைங்க. அந்தப் பால்கனியில யாராவது ஒரு ஆளுதான் வுழணும்னா, அது பிள்ளைங்களுக்குத் தாயா இருக்கக் கூடாதுன்னு தீர்மானம் பண்ணிட்டேன். தீர்மானம் பண்ணப்புறம் மாதாகிட்ட நீங்களும் திரும்பி வரணும்னு எப்படிங்க பொய் சொல்லுவேன்?"

அவளும் அதே கடற்கரைக்காரிதானே!

அண்ணன் வில்பிரட் முன்வரிசையிலிருந்து தம்பியையே முறைத்தார். புன்னைக்காயல் வேனில் வந்த மச்சான்மார் சட்டைக் கையை மடித்தார்கள். ஊரே கேட்டுவிட்டது. இனி அலாஸ்காவில் யாருடைய கால் வழுக்கினாலும் தூத்துக்குடியில் மற்றவர் கைக்கு விலங்கு தயார்!

பூசை முடிந்தது. வாசலில் ஃபாதர் மனுவேல் குழந்தைகளின் தலையில் தீர்த்தம் தெளித்தார். அனிஷையும் ரெக்சலினையும் தட்டிக்கொடுத்தார். பிறகு நிமிர்ந்து அப்பனையும் அம்மாளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரூமை மாத்திறச் சொல்லுதேன் ஃபாதர்... நாலு பேரும் ஒரே ரூம்" என்று முனகினான் ஜோன்ஸ். "இல்லைன்னா பயணத்தையே விட்டுருதோம்."

"ஏன் விடணும்? பிள்ளைங்க ரெண்டுக்கும் ரெண்டு பூசை ஆயிட்டுல்லா, அவங்க கன்ஃபர்ம்" என்றார் ஃபாதர். "நீங்க ரெண்டு பேரும்தாம்ல இன்னும் வெயிட்டிங் லிஸ்ட்டு!"