பின்னறை டம்ளர்

அன்று காலை சமையலறை ஜன்னல் திட்டில் அவளுக்கென்று தனியாக ஒரு டம்ளர் இருந்தது. விளிம்பு நெளிந்த அந்த எவர்சில்வர் டம்ளரைப் பார்த்ததும் அவளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. பின்னறையில் கிடந்து செத்துப்போன நாத்தனாருடையது அது. இத்தனை வருடம் எங்கே ஒளித்து வைத்திருந்தார் மாமியார்?

"இனிமே நீ இதுலயே குடி," என்றார் மாமியார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

எல்லாம் முந்தின நாள் வந்த பரிசோதனை முடிவால்தான். டயாலிசிஸில் காலத்தைத் தள்ளிக்கொண்டிருந்த கணவனுக்குத் தன் சிறுநீரகம் ஒன்றைக் கொடுக்க முன்வந்திருந்தாள். எல்லாம் பொருந்தியது. ஆனால் அவள் ரத்தத்தில் ஹெபடைடிஸ் பி எப்போதோ வந்துபோன அடையாளம் இருக்கிறது என்றார்கள். அது ரத்தத்தாலும் பரவும், உறவாலும் பரவும் என்று யாரோ சொல்லிவிட, கணவன் முகம் மாறிவிட்டது. உனக்கு எங்கிருந்து வந்தது என்று ஒரே ஒரு முறை கேட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். உடம்பை அறுத்துக் கொடுக்க வந்தவளிடம் கேட்கிற கேள்வியா அது?

டம்ளரைக் கையில் எடுத்ததும் பின்னறையிலிருந்து அந்தச் சத்தம் கேட்டது. அரிப்புத் தாங்காமல் நாத்தனார் சுவரில் முதுகைத் தேய்க்கிற சத்தம். ஆள் போய்ச் சேர்ந்த பிறகும் அது இவளை விட்டபாடில்லை. ஈறில் கசிந்த ரத்தத்தைத் துடைத்ததும், சொறிந்து புண்ணான முதுகைக் கழுவியதும் இவள்தான்... பாத்திரம் தேய்த்து வெடித்துப்போன இதே கைகளால். பிறகு இவளே சோர்ந்து சுருண்டு படுத்தபோது, வேலைக்கு டிமிக்கி கொடுக்கிறாள் என்றார்கள்.

ஆஸ்பத்திரியில் மூவரையும் உட்காரவைத்து டாக்டர் பொறுமையாக விளக்கினார். கிருமி இப்போது அவள் ரத்தத்தில் இல்லை. ஆனாலும் சிறுநீரகத்தோடு அது போய்ச்சேர மிகச் சிறிய வாய்ப்பு உண்டு. அதனால் டயாலிசிஸ் தொடங்கியபோது கணவனுக்குப் போட்ட தடுப்பூசியின் பலன் போதுமான அளவு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். குறைவாக இருந்தால் மறுபடி ஊசி போட்டு, அது ஏறிய பிறகே ஆபரேஷன். அப்புறமும் மாத்திரை, ரத்தப் பரிசோதனை என்று கண்காணிப்பார்கள். ஒரே தட்டு, ஒரே டம்ளரால் இது ஒட்டாது என்றும் சொன்னார்.

பிறகு அவளிடம் கேட்டார். "இந்த நோய் இருந்த யாரையாவது கூட இருந்து கவனிச்சீங்களாம்மா?"

நாத்தனாருக்கு வந்தது எது என்று அந்தக் கணமே அவளுக்கு விளங்கிவிட்டது. வயிற்றில் கட்டி என்றுதானே ஊருக்கும் மகனுக்கும் இவளுக்கும் சொல்லியிருந்தார் மாமியார்! வாய்வரை வந்ததை அவள் விழுங்கிக்கொண்டாள். பெற்றவளே சொல்லட்டும்.

மாமியாரின் விரல்கள் முந்தானையை முறுக்கின.

"என் பெரிய மக கிட்டேருந்துதான் டாக்டர்... அவளுக்கு இந்த நோய்தான். வீட்டுல எல்லாரும் ஊசி போட்டுக்கணும்னு அப்பவே சொன்னாங்க. போட்டா ஏன்னு கேப்பாங்க, சின்ன மக கல்யாணம் நின்னுடும்னு மறைச்சுட்டேன்." மகன் பக்கம் திரும்பியபோது குரல் உடைந்தது. "உன்னை அந்த ரூம் வாசலைக்கூட மிதிக்க விடல. தெரிஞ்சே இவளை அனுப்பினேன்டா..."

கணவன் அவள் கையை எடுத்துத் தன் கண்களில் வைத்துக்கொண்டு அழுதான். அவளும் அழுதாள். ஆனால் கோபம் அத்தனையும் கரைந்துவிடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மாமியார் முதல் வேலையாக அந்த டம்ளரைக் குப்பைக்கு எடுத்துப்போனார். அவள் குறுக்கே வந்து நின்றாள்.

"அதைத் தூக்கிப் போடாதீங்க அத்தை. சிறுநீரகம் கொடுக்கறேன்னு சொன்னேன், கொடுப்பேன். ஆனா செத்துப்போன அண்ணிக்கும் நீங்க ஒரு பதில் சொல்லணும்."

மகள் போன நாளிலிருந்து மாமியார் பின்னறைக்குள் காலே வைத்ததில்லை. இன்று டம்ளரை நெஞ்சோடு அணைத்தபடி உள்ளே போனார். தேய்ந்து பளபளத்துக் கிடந்த அந்தச் சுவரோரம் உட்கார்ந்து, மகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்.

அவள் வாசலில் நின்று காதைத் தீட்டிக்கொண்டாள். சுவர் தேய்கிற சத்தம் இல்லை. ஒரு கிழவி அழுகிற சத்தம் மட்டும்தான் கேட்டது. கொஞ்ச நேரம் அழவிட்டு, அவளும் உள்ளே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.