நின்றுபோன மீட்டர் வட்டு

மின்சாரச் சிக்கன மாதத்துக்கு ஆறாம் ஆண்டு மாணவி தவமணிதான் சுவிட்சுக் காவலர். ஆள் இல்லாத வகுப்பில் மின்விசிறி சுற்றினால் அவளுக்குப் பொறுக்காது. ஒருமுறை அவசரத்தில், தலைமையாசிரியர் உள்ளே எழுதிக்கொண்டிருக்கும்போதே விளக்கை அணைத்துவிட்டாள்!

வியாழக்கிழமை பள்ளி விட்டதும் எல்லா விளக்குகளையும் விசிறிகளையும் அணைத்தாள். ஆனாலும் மீட்டருக்குள் இருந்த வட்டு மெல்லச் சுற்றியது.

"இன்னும் எதுலா கரண்ட்டைத் தின்னுது?"

நாற்காலியில் ஏறி மெயின் சுவிட்சையே கீழே இழுத்தாள். வட்டு நின்றது. தவமணி துள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலை இரண்டாம் ஆண்டு வகுப்பில் ஒரே அழுகை. அங்கே ஓர் அட்டைப்பெட்டியில் ஆறு முட்டைகளை பல்பின் சூட்டில் வைத்திருந்தார்கள். குஞ்சு பொரிக்கும் இருபத்தோராம் நாளுக்கு இன்னும் ஐந்து நாள்தான். இப்போது பெட்டி இருண்டு, முட்டைகள் குளிர்ந்து கிடந்தன.

சற்குணம் டீச்சர் ஒரு முட்டையை டார்ச் வெளிச்சத்தில் பார்த்தார்.

"ஒண்ணும் அசையல. புதைச்சிடலாம்."

"நான்தான் டீச்சர் மெயின் சுவிட்ச அடச்சேன். முட்டை ஞாபகமே வரல." தவமணி முன்னால் வந்து நின்றாள்.

யாரும் திட்டவில்லை. அதுதான் தவமணிக்கு இன்னும் வலித்தது. பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"புதைக்க வேணாம் டீச்சர்! எங்க பக்கத்து வீட்டு மக்சிக் காமாரியாவோட கோழி அடை காக்குது. அதுக்குச் சுவிட்சே இல்ல. என்னால அணைக்க முடியாது!"

மலாய் அத்தை மக்சிக் காமாரியா கோழிக்கூட்டைத் திறந்தார். முட்டைகளை வாங்கிக் கோழியின் அடியில் வைத்தார்.

தினமும் சின்னப் பிள்ளைகள் பள்ளி வாசலில் காத்திருந்தார்கள்.

"வந்துருச்சா அக்கா?"

"இல்லடா."

இருபத்தோராம் நாளும் போனது. இருபத்திரண்டாம் நாளும் போனது. அன்றிரவு தவமணி, ஆறு உயிரைக் கொன்றுவிட்டோமே என்று தலையணையில் முகம் புதைத்து அழுதாள்.

இருபத்து மூன்றாம் நாள் காலை முட்டைகளைத் திரும்ப எடுக்கப் போனாள். ஒவ்வொன்றாகக் காதில் வைத்துப் பார்த்தாள். ஐந்தில் சத்தமே இல்லை.

ஆறாவதின் ஓட்டில் சின்னதாக ஒரு கீறல் இருந்தது. உள்ளேயிருந்து, "கீச்!"

அதைக் கோழியிடமே விட்டாள். மற்ற ஐந்தையும் பள்ளிக்கு எடுத்துப் போய், சின்னப் பிள்ளைகளோடு சேர்ந்து மாமரத்தடியில் புதைத்தாள்.

அன்று மாலையும் மீட்டர் வட்டு மெல்லச் சுற்றியது. தவமணி நாற்காலியைத் தேடவில்லை. ஒவ்வொரு வகுப்பாகப் போய் வாசலில் நின்று கேட்டாள்:

"உள்ள யாராச்சும் இருக்கீங்களா?"

கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகுதான் சுவிட்சில் கை வைத்தாள்.